எல்லோரிடமும் கேட்கும் கேள்வி

“மருந்து ஏத்துற காலம் முழுக்க, அது முடிஞ்சும் ஆறு மாசம் வரைக்கும், நீங்க குழந்தை பெத்துக்கக் கூடாது. சம்மதமாய்யா?”

பஞ்சர்க் கடைக்காரர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கே மழையைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. திரும்பி வந்தார்.

எழுபது தாண்டிய ஆள். மூத்த பேரனுக்கு மீசை முளைத்துவிட்டது.

“யாரைப் பார்த்து என்ன கேக்கற?”

நர்ஸ் அசரவில்லை. புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிற ட்ரையலுக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. “எல்லாரையும் கேக்கணும், ரூல். கருவுல இந்த மருந்து என்ன பண்ணும்னு இன்னும் தெரியாது.”

“என் ஃபைலைப் படிச்சியா நீ?”

“ஒரு பக்கம் விடாம.”

“படிச்சிட்டுமா கேக்கற?”

காலையிலிருந்தே அவருக்கு இந்த இடம் ஒத்துவரவில்லை. ரத்தம் எடுத்தார்கள். எடை பார்த்தார்கள். பழைய ஸ்கேன் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. மருந்துக்குக் காசு வேண்டாம் என்றார்கள். காசு வேண்டாம் என்கிறவனை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

அவர் கடையிலும் புதுப் பசை வந்தால், கழித்துப்போட்ட ட்யூபில்தான் முதலில் ஒட்டிப் பார்ப்பார். வண்டிக்காரன் ட்யூபில் கைவைக்க மாட்டார். இங்கே கழித்துப்போட்ட ட்யூப் யார் என்று அவருக்குத் தெரியாதா?

ஆண்குறியில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி, போனது போகட்டும் என்று இருந்தார். இப்போது தொடை இடுக்கில் கட்டி.

இந்த நோய்க்கு ட்ரையல் நடக்கிற இடம் லேசில் கிடைக்காது. நோய் வருகிறவர்களே குறைவு, வந்ததை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு. மகள்தான் போனில் தேடினாள். ஓர் இடத்தில் ஆள் சேர்த்து முடித்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் ஆபரேஷன் ஆனவர் வேண்டாமாம். அப்புறம் அகப்பட்டது இது. அப்பாவின் நோயை என்ன பேர் சொல்லி விசாரித்தாள் என்று அவர் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டபோது அவளும் தரையைப் பார்த்தபடியே நின்றாள்.

“குணமாகும்னு எழுதித் தருவியா?”

“மாட்டேன். ஆகலாம், ஆகாமலும் போகலாம். நடுவுல வேண்டாம்னு தோணினா நீங்க எப்ப வேணா நிறுத்திக்கலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டோம். வழக்கமா நடக்கிற வைத்தியம் நடக்கும்.”

அதுகூடப் பரவாயில்லை. தேன் தடவாத பேச்சு. அந்த முதல் கேள்விதான் முள்ளாகக் குத்தியது.

“கிண்டல் பண்ண வேற ஆளைப் பாரு.”

கதவை அடித்துச் சாத்த நினைத்தார். அது மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் கதவு. அதற்கும் கோபம் வந்தது.

நடைக்கூடத்தில் மனைவி பையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“கிளம்பு.”

“என்னங்க கேட்டாங்க?”

வீல்சேர் தள்ளிக்கொண்டு போனவன் திருப்பத்தில் மறையும்வரை பொறுத்தார். பிறகு சொன்னார்.

அவள் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

ஆபரேஷனில் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்பது வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் அவர் படுக்கையைக் கடைக்கு மாற்றிக்கொண்டார். பசை வாடை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார். சரி என்று தலையணையை எடுத்துக் கொடுத்தாள். அதோடு சரி, இரண்டு பேரும் சிரித்த மாதிரி ஞாபகமில்லை.

“உங்களையா கேட்டாங்க? நல்லாப் பார்த்தாங்கய்யா ஆளை!”

“சிரி. ஊரே கேக்கட்டும்.”

“எதுவரைக்கும் கூடாதாம்?”

“மருந்து ஒரு வருஷம் ஏத்துவாங்களாம். அதுக்கு மேல ஆறு மாசம்.”

சிரிப்பு நின்றது. அவள் கை, பையின் காதைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

“அந்த டாக்டர், உசுரு இந்த மழைக்காலத்தைத் தாண்டாதுன்னாரே.”

அவர் திரும்பிப் பார்த்தார். பழைய ஆஸ்பத்திரியில், அவரை மட்டும் தனியாக உட்காரவைத்துச் சொன்ன சங்கதி அது. இத்தனை நாளாக அதை வெளியே விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறார்.

“உனக்கு யார் சொன்னது?”

“உங்களுக்கு யார் சொன்னது?”

அவள் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

“இருப்பீங்கன்னு நெனச்சுதானே கேக்கறாங்க,” என்றாள் அவள். “இல்லாதவர்கிட்ட யாராவது கேப்பாங்களா?”

அவர் விடுவிடுவென்று நடந்தார். வாசலை நோக்கி அல்ல. கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தார். நர்ஸ் நிமிர்ந்தாள்.

“அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளு.”

அவள் கேட்டாள், முதல் தடவை கேட்ட அதே முகத்தோடு.

பின்னாலேயே வந்து கதவருகில் நின்ற மனைவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“கஷ்டம்தான்மா,” என்றார். “இருந்தாலும் கட்டுப்பாடா இருந்துக்கறேன்னு எழுதிக்க.”