அபிநயா இழுப்பா

ஒரே ஒரு ஊரில், விக்கிரமங்கலம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு மகள். அவர்களிடம் காய்கறி ஏற்றும் அரை டன் பிக்கப் வண்டி ஒன்று. முன்கண்ணாடிக்கு மேலே மகளின் பேரைப் பெரிதாக எழுதியிருந்தார்கள்: அபிநயா.

அந்த வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போக, சக்கரம் வைத்த வீடு ஒன்று வேண்டும். குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகவேண்டும். அதற்குத்தான் பெரம்பலூர் மாயவன் பட்டறைக்கு வந்திருந்தார்கள்.

மாயவன் முன்பு டிராக்டருக்கு டிரெய்லர் கட்டியவர். இப்போது கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து வண்டி வீடும் கட்டுகிறார்.

அறிவழகனும் மனைவி வெற்றிச்செல்வியும் இறங்கினார்கள். மகள் வண்டியிலேயே இருந்தாள். கண்ணாடி இறக்கியிருந்தது.

"இந்தப் பெருசு எப்படிங்க?" என்றார் அறிவழகன், முன்னால் நின்ற பெரிய வண்டி வீட்டைக் காட்டி. "பாத்ரூம்லாம் இருக்கும்போலயே!"

மாயவன் பிக்கப்பை ஒரு பார்வை பார்த்தார். பட்டறையில் யாரும் வண்டியை நம்பர் சொல்லிப் பேசுவதில்லை. நெற்றியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேர்.

"நல்ல வண்டிதாண்ணே. ஆனா வெயிட்டு சாஸ்தி. அபிநயாவால இத இழுக்க மு..."

"தரை பச்சையா இருக்கே!" என்று குறுக்கே விழுந்தாள் வெற்றிச்செல்வி. "எனக்குப் பச்சையே ஆவாது."

மாயவன் அவள் கட்டியிருந்த புடவையைப் பார்த்தார். கிளிப்பச்சை.

அடுத்த வண்டி வீட்டைக் காட்டினார்.

"இது கொஞ்சம் லேசு. இருந்தாலும் பிரேக் புடிச்சா பின்னாலேந்து தள்ளும். அபிநயாவால தாங்க மு..."

"வாசல் வடக்கப் பாத்து இருக்கு. எங்க ராசிக்கு ஒத்துக்காது."

"அக்கா, இது சக்கரம் வச்ச வூடு. திருப்பி நிறுத்துனா கெழக்கு!"

"அதெல்லாம் வேணாம்."

மாயவனுக்குச் சுருக்கென்று ஏறியது. "அண்ணே, நீங்க வாங்க வந்தீங்களா, இல்ல குத்தம் கண்டுபுடிக்க வந்தீங்களா?"

அறிவழகன் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"நல்லாக் கேட்டுக்குங்கக்கா," மாயவன் குரலை உயர்த்தினார். "வியாபாரத்துக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். அபிநயாவால..."

டமார்!

வெற்றிச்செல்வி வண்டி வீட்டின் கதவை அறைந்து சாத்தியிருந்தாள்.

"தாப்பா சரியா விழுதான்னு பாத்தேன்."

இப்படியும் ஒரு பொம்பளையா என்று நினைத்துக்கொண்டே, மாயவன் அறிவழகனைக் கையைப் பிடித்துத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"அண்ணே, பேச வுட மாட்டேங்கிறாங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறீங்க. எறக்கத்துல பிரேக்கு புடிக்கலேன்னா என்ன ஆவும்?"

"தெரியுங்க. சின்னதுதான் சரிப்படும்னு அவளுக்கும் தெரியும். பெருச சும்மா ஆசைக்குப் பாத்தோம்."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

அறிவழகன் குரலைத் தாழ்த்தினார்.

"மகளுக்குப் பொறந்ததுலேந்தே ஒரு காலு சூம்பல். லாட்ஜுன்னா மாடிப்படி. அதான் இந்த வண்டி வூடு. பள்ளிக்கூடத்துல டான்ஸா, டூரா, எதுன்னாலும் முந்திக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லிடுவாங்க. 'அபிநயாவால..'ன்னு ஆரம்பிப்பீங்களே, அந்த வார்த்தை."

மாயவன் பிக்கப் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்த ரோஷத்துலதான் வண்டிக்கே எம் பொண்டாட்டி அந்தப் பேர வச்சா. அபிநயா அரை டன் தூக்குறான்னு ஊரே சொல்லட்டும்னா. எங்க வூட்டுல அந்த வார்த்தையச் சொல்றதே இல்லைங்க. வண்டியச் சொன்னாலும் மக காதுல விழுமேன்னு இவ பதறுறா."

மாயவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிக்கப் வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"அக்கா! அபிநயா எதை மாட்டுனாலும் இழுப்பா! இந்தப் பெருசு ரெண்டுக்கும்தான் அவ பின்னால ஓடி வர தெம்பு கெடையாது. அந்தா, ஓரமா நிக்குது பாருங்க, அந்தச் சின்னதுதான் அவளுக்கு ஈடுகொடுக்கும்!"

வெற்றிச்செல்வி அந்தச் சின்னதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது புடிச்சிருக்கு" என்றாள். புருஷனோடு உள்ளே கட்டில் பார்க்கப் போனாள்.

மாயவன் கொக்கியை அளக்க பிக்கப்பின் பின்பக்கம் குனிந்தார். கதவு திறந்தது. ஊன்றுகோலை முதலில் இறக்கி, பிறகு அபிநயா இறங்கினாள்.

"அண்ணே, பெருச எங்க வண்டியால இழுக்க முடியாதுதானே?"

மாயவன் நிமிர்ந்தார். "அப்படியெல்லாம் இல்லம்மா... அது வந்து..."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் ஆயிடாது." சிரித்தாள். "ஆனா நான் இவ்வளவு நேரம் தூங்கிட்டுதான் இருந்தேன், சரியா? எல்லாம் என் காதுல விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, அம்மாவாலதான் தாங்க முடியாது."

கண்ணைக் கசக்கி, ஒரு பெரிய கொட்டாவியை வரவழைத்துக்கொண்டு, அம்மா இருந்த பக்கமாக மெல்ல நடந்தாள்.