ஒளுவுக்குக் காவல்

"மச்சான், குதிகால் நனையல. காலைத் தூக்கு, ஊத்துறேன்."

வாளியிலிருந்து மொண்டு ஊற்றினான் தர்மேந்திரன். கால்சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடினான் மாப்பிள்ளை உதுமான். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் இருவரும் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. லயன் வீடுகளுக்கு எதிரே உள்ள சூரா என்னும் சிறு தொழுகைக்கூடத்தில் இன்னும் அரைமணி நேரத்தில் அவனுக்கு நிக்காஹ். அதற்கு முன்னால் ஒளு, தொழுகைக்காக முகம் கைகால் கழுவும் சுத்தம்.

"மூஞ்சி ஆச்சு. முழங்கை வரைக்கும் கை ஆச்சு. தலையைத் தடவிட்டே, காலும் ஆச்சு. வரிசை சரிதானே லா?"

"சரிதான். நீ எங்கடா கத்துக்கிட்டே?"

"ஒரு வாரமா யூடியூப்ல இதுதான் பார்க்குறேன்."

பெருமை இருக்காதா பின்னே? மாப்பிள்ளைத் தோழனாக நிற்க உதுமானுக்குத் தம்பி முறையில் ஆளுக்கா பஞ்சம்? "போயும் போயும் கோயிலுக்குப் போற பையனை நிறுத்துறியே, அவனுக்கு நம்ம முறை என்ன தெரியும்?" என்று உதுமானின் பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டார். உதுமான் அசையவில்லை. பெரியப்பாவிடம் ஒரு குறைகூட வாங்காமல் இன்றைய பொழுதை முடிப்பது என்று தர்மேந்திரனும் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்தா முத்தாயி அத்தை வர வேண்டும்? தர்மேந்திரனின் சொந்த அத்தை. பாரோயிலிருந்து அவனே காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள்.

"என் ராசா, என் கண்ணே பட்டுரும் போல இருக்கே" என்று உதுமானின் இரண்டு கன்னங்களையும் வழித்து நெட்டி முறித்தாள்.

உதுமானின் முகம் தொங்கிப்போனது. அத்தை அந்தப் பக்கம் போகும் வரை சிரித்து வைத்தான்.

"ஒளு போச்சுடா."

"ஏன்?"

"ரத்த உறவு இல்லாத பொம்பளை கை பட்டா எங்க முறையில முறிஞ்சிரும். மறுபடியும் மொதல்லேர்ந்து எடுக்கணும்."

தர்மேந்திரன் ஓடிப்போய்ப் பைப்பைத் திருகினான். காற்றுதான் வந்தது. காலையிலேயே தோட்டத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. விருந்து மதியம் கோலா பிலாவில் என்பதால் இங்கே ஒரு தண்ணீர் பாட்டில்கூடக் கிடையாது. இருந்தது வாளியின் அடியில் கிடந்தது மட்டும்தான். அதைச் சிந்தாமல் சிதறாமல் ஊற்றி, முகத்திலிருந்து குதிகால் வரை மறுபடியும் முடித்தார்கள். கடைசிச் சொட்டு கணுக்காலில் இறங்கியதும் தர்மேந்திரன் வாளியைக் கவிழ்த்தே காட்டினான்.

"இன்னொரு தடவ முறிஞ்சா நம்ம கதை கந்தல்தான்."

"நிக்காஹ் முடிஞ்சு ரெண்டு ரக்அத் தொழணும். அதுக்கப்புறமும் விட்றாதே. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஒரு பொம்பளை கையும் என் மேல படக்கூடாது" என்றான் உதுமான். சொல்லிவிட்டு ஏனோ தலையைக் குனிந்து சிரித்தான்.

சிரிப்பை எல்லாம் யார் பார்த்தது? தர்மேந்திரன் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் இறங்கிவிட்டான். அத்தர் பூச வந்த மாமியிடம், "குடுங்க மாமி, நான் பூசுறேன்" என்று புட்டியை வாங்கிக்கொண்டான். காலரைச் சரிசெய்ய வந்த படம் பிடிக்கும் பெண்ணை, "சொல்லுங்க, நான் இழுத்து விடுறேன்" என்று தள்ளியே நிற்க வைத்தான். கூட்டத்துக்குள் உதுமானை நடத்திக்கொண்டு போனபோது இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டே போனான். பெரியப்பாவே, "பரவால்லியே, பையன் கெட்டிதான்" என்றார். தர்மேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை.

நிக்காஹ் ஒரே மூச்சில் முடிந்தது. உதுமான் திக்காமல் திணறாமல் சொன்னான். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தினார்கள். பிறகு அவன் தனியாக நின்று இரண்டு ரக்அத் தொழுதான். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த தர்மேந்திரனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் 'போதும்' என்ற வார்த்தை இன்னும் வரவில்லையே.

தொழுதுவிட்டு உதுமான் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தான். பெண்கள் பக்கமிருந்து மணப்பெண் ஜைத்தூனை அழைத்து வந்து அவனுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு சூழ்ந்தது. கேமராக்கள் உயர்ந்தன. ஜைத்தூன் மெல்லக் கையை நீட்டினாள், நேராக உதுமானின் கையை நோக்கி.

இத்தனை பாடுபட்டதும் வீணா? தர்மேந்திரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து இருவருக்கும் நடுவில் மண்டியிட்டான்.

"தங்கச்சி, தொட்டுராதீங்கம்மா. ஒளு முறிஞ்சிரும். வாளியில சொட்டுத் தண்ணி இல்ல."

முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். ஜைத்தூன் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இமாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, இந்தச் சடங்குக்கு நம்ம நாட்டுல பேரே ஒளு முறிக்கிறதுதான். பொண்டாட்டியான பிறகு மொத மொதல்ல அவ கை பட்டுத்தான் அது முறியணும். காலையிலேர்ந்து நீங்க காவல் காத்தது எல்லாம் இந்தப் பொண்ணுக்காகத்தான்."

ஜைத்தூனுக்குப் போட வேண்டிய மோதிரத்தை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, காது வரை சிவந்துபோய் உதுமான் சொன்னான்: "போதும்டா மச்சான்."