சுவர் வரைக்கும் தடுத்தவன்

வீடியோ கேமில் ஆசியாக் கண்டத்திலேயே தன்னை அடிக்க ஆளில்லை என்று அறிவித்துவிட்டு பரணியின் அப்பா மகனின் அறைக்குள் போனார். இவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சேதி கேட்டதும் ஜப்பான்காரர்கள் பயிற்சியையே நிறுத்திவிட்டார்களாம்.

டிவியில் சத்தம் கூட்டக்கூட மனைவியைக் கூப்பிடுகிறவர் அவர்.

அவள் கதவருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஜப்பான் கெடக்கட்டும். உங்களால அவனை ஒரு வார்த்தை பேச வைக்க முடியுமா? நடக்காதுங்க."

மருமகள் பிரிந்து போன நாளிலிருந்து பரணி யாரிடமும் பேசுவதில்லை. அவனும் அந்த வீடியோ கேமும்தான்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தார்.

திரையில் இரண்டு சண்டைக்காரர்கள்.

அவருடையவன் பாய்ந்ததில் கடலே உள்வாங்கியிருக்க வேண்டும்.

பரணி திருப்பி அடிக்கவில்லை. தடுத்தான்.

காலில் உதைத்தார். குனிந்து தடுத்தான்.

தலையில் குத்தினார். நிமிர்ந்து தடுத்தான்.

தடுக்கத் தடுக்கப் பின்னால் போனான். கடைசியில் சுவர்.

அங்கேயும் தடுத்தான்.

இதை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

அவனுடைய கல்யாணத்துக்கும் இப்படித்தான் நெருக்கினார். காபி குடிக்கும்போது, வயசு போகுதுடா. சோற்றில் கை வைத்தால், அம்மாவுக்கு முன்ன மாதிரி முடியலடா.

அவன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. பின்வாங்கிக்கொண்டே இருந்தான். போக இடமில்லாதபோது, "சரிப்பா" என்றான்.

அதைத்தான் மலையை நகர்த்திய கதையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பொத்தான்களின் மேல் அவர் விரல்கள் அசையவில்லை.

பரணியின் ஆள் கைகளை முகத்துக்கு முன்னால் மடக்கி, வராத அடிக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

அவர் தன் ஆளை மெதுவாக நடத்திப் போனார். ஓங்கவில்லை. குதிக்கவில்லை. ஒட்டி நின்றார்.

ஒரே ஒரு பொத்தான்.

எந்த அடியையும் தடுக்கலாம். கட்டிப்பிடித்தால் தடுக்க முடியாது. அந்த விளையாட்டின் சட்டம் அது.

பிடித்தார். தூக்கிப் போட்டார். தடுத்துத் தடுத்தே தேய்ந்திருந்த உயிர் அத்தோடு தீர்ந்தது.

திரை முழுக்க அவருக்கு வெற்றி.

அவர் கொக்கரிக்கவில்லை. ஜப்பானுக்குச் சேதி அனுப்பவில்லை.

பரணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான்.

"அடிப்பீங்கன்னு நெனச்சேன்ப்பா."

கன்ட்ரோலரை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவருகில் அவள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "பேசிட்டான்."