எஜமானும் உட்கார்ந்திருந்த ஜெபக்கூட்டம்

விருந்தாளிகளின் கோட்டுகளைப் படுக்கையறைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, ஜெயலீலா துணி க்ளோசெட்டின் கதவில் வாயை வைத்துச் சொன்னாள்.

"வந்துட்டாங்க. இருமல் வந்தா சேலையைக் கடிச்சுக்கோ."

உள்ளே, தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால், அல்போன்சா இருந்தாள்.

டாக்டர் ஜீவரத்தினத்தின் வீட்டில் சமைத்து, துவைத்து, கூட்டிப் பெருக்கியவள். நேற்று மதியம், டாலஸை ஒட்டிய காப்பெலிலிருந்து இர்விங் வரை, நடைபாதையே இல்லாத சாலையின் ஓரமாக நடந்து வந்து இந்த அபார்ட்மென்ட் கதவைத் தட்டினாள். நாளைக் காலை ஹூஸ்டன் கன்னியர் மடத்திலிருந்து சிஸ்டர்கள் காரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

அதுவரை மறைக்க வேண்டும்.

ஆனால் இன்று இரண்டாம் சனிக்கிழமை. தமிழ் ஜெபக்கூட்டம் இந்த மாதம் ஜெயலீலாவின் வீட்டு முறை. தள்ளிப்போட்டால் ஏன் என்று கேட்பார்கள். முதலில் கேட்பவர் டாக்டராகத்தான் இருப்பார்.

ஜெயலீலாவின் கணவன் கிருபைராஜுக்கு அவருடைய கிளினிக்கில்தான் லேப் வேலை. கிரீன் கார்டுக்கும் அவர்தான் ஸ்பான்சர்.

அவள் ஹாலுக்கு வந்தபோது டாக்டர் சோஃபாவில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எலிசா. எலிசாவின் தட்டில் வடை அப்படியே இருந்தது. அவள் பார்வை படுக்கையறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது.



டீப்பாய்மேல் டேப் ரெக்கார்டர் பிரசங்கத்தைப் பதிந்துகொண்டிருந்தது. டாலஸில் இறையியல் படிக்கும் ரூஃபஸ் செய்தி கொடுக்க ஆரம்பித்திருந்தான். பைபிளில் பவுல் எழுதிய நிருபம், அதாவது கடிதம். வீட்டார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பகுதி.

"இதை எழுதினப்போ சர்ச் பில்டிங்கே கிடையாது. வசதியானவங்க வீட்டு ஹால்லதான் கூடுவாங்க, இப்போ நம்ம உக்காந்திருக்க மாதிரி. ஒருத்தர் எழுந்து சத்தமா படிப்பார். எஜமான் முன்னாடி உக்காந்திருப்பார். அவரோட அடிமைங்க செவுத்தோரமா நிப்பாங்க. நம்ம பைபிள்ல 'வேலைக்காரரே'ன்னு இருக்கே, அது அவங்கதான்."

"ஓடிப் போயிட மாட்டாங்களா பிரதர்?" என்றார் டாக்டர்.

"ஓடினாங்க அங்கிள், நிறையப் பேர். பிடிபட்டா நெத்தியில சூடு. மறைச்சு வெச்சவங்களும் தப்ப முடியாது. ரோமன் சட்டத்துல அது திருட்டு."

கிருபைராஜ் காபிக் கப்பைத் தரையில் வைத்தான். 

டாக்டர் சிரித்தார். "நல்ல சட்டம். எங்க வீட்லயும் ஒண்ணு நேத்து கெளம்பிடுச்சு. அடிமைன்னு சொல்லிராதீங்க பிரதர், மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்புறேன். பாஸ்போர்ட் என் டிராயர்ல இருக்கு. எங்க போயிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலீலாவும் சிரித்தாள். தன் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது அவளுக்கே கேட்டது.

ரூஃபஸ் எதையும் கவனிக்கவில்லை.

"ஆனா ஷாக்கே வேற அங்கிள். மனைவி, பிள்ளைங்க, வேலைக்காரர்னு ஏன் வரிசையா வருது? அந்தக் காலத்து வீட்ல மூணு பேருமே ஒரே ஆளோட கைக்குள்ள இருந்தவங்க. அவங்ககிட்ட யாரும் நேரா பேசறதில்ல, எஜமான்கிட்டதான் பேசுவாங்க. இந்த லெட்டர் அவர் காதுபடவே அவங்களைக் கூப்பிட்டுப் பேசுது."

எலிசா தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

ஹீட்டர் தானாக நின்றது. அந்த அமைதியில், உள்ளறையில் ஹேங்கர் ஒன்று கம்பியில் உரசியது.

டாக்டர் திரும்பினார்.

"எனக்குக் குளிருது," என்று எலிசா சட்டென எழுந்தாள். "கோட் எடுத்துக்கறேன்."

"உக்காரு. ஜெயலீலா எடுத்துட்டு வருவா."

எலிசா உட்கார்ந்தாள். பிறகு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மறுபடி எழுந்து நடந்தாள்.

ஜெயலீலா பின்னால் ஓடினாள். "ஆன்ட்டி, நான் எடுத்துத் தரேன் ஆன்ட்டி, இருங்க..."

எலிசா அதற்குள் கட்டிலைத் தாண்டி க்ளோசெட்டின் முன் நின்றிருந்தாள். ஜெயலீலா குறுக்கே புகுந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். 

எலிசா படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

அல்போன்சாவின் செருப்பு. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவள், ஊர்ப் பழக்கத்தில் அதை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். நேற்றிலிருந்து ஜெயலீலாவின் கண்ணில் அது படவே இல்லை.

"டோர்மேட் பக்கத்துல கெடந்துச்சு," என்றாள் எலிசா, மூச்சுக்காற்றாக. "அவர் கார் பார்க் பண்ணிட்டு வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்."

ஜெயலீலா க்ளோசெட் கதவிலிருந்து முதுகை எடுத்தாள்.

"எலிசா!" ஹாலிலிருந்து டாக்டரின் குரல். "ஒரு கோட் எடுக்க இவ்ளோ நேரமா?"

எலிசாவின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. அவள் கோட்டைத் தொடவில்லை.

"இவளைக் கூட்டிட்டுப் போக யாராவது வர்றாங்களா?"

ஜெயலீலா தலையசைத்தாள்.

"கார்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா, லீலா?"