பழகாத கை

"வருசம் ஒண்ணாச்சு. இன்னமும் அடுத்தவங்க வீட்டு மாடியிலதான் விழுதாம்லா?" ரிமோட் ஹெலிகாப்டருக்குப் புது இறக்கை மாட்டியபடி கேட்டார், சங்கரன்கோவில் பொம்மைக்கடை வெள்ளத்துரை. "பேசாம இந்த மாடலை எடுங்கக்கா. பட்டனை அமுக்கினா தானா நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துரும்."

"அது வேண்டாம் தம்பி," என்றாள் சண்முகவடிவு அவசரமாக. "புதுசா பழகுதவங்களுக்கு உள்ளதே எனக்குப் போதும்."

தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, தனியாக இருப்பவள். அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அன்று மாலையே எதிர்வீட்டு மாரியம்மாள் ஹெலிகாப்டரும் கையுமாக வாசலில் நின்றாள். "எங்க மாடியில கெடந்துச்சு மதினி. இன்னும் கை பழகலியோ?"

"எங்க பழகுது. உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ."

மகள் வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள் மாரியம்மாள்.

மறுநாள் சண்முகவடிவு மொட்டைமாடி ஏறினாள். ஹெலிகாப்டர் இரண்டு கரண்ட் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, வேப்பமரத்தைச் சுற்றி, மூன்றாம் வீட்டு மாடியில் காய்ந்த வற்றலில் ஒன்றுகூட நகராமல், துணியின் ஓரத்தில் பூப்போல இறங்கியது. அந்த வீட்டுக்காரி இங்கே எட்டிப் பார்த்துப் பத்து நாளாகிவிட்டது.

கீழே வந்து அடுப்பில் பாலை வைத்தாள். இரண்டு டம்ளர்களைக் கழுவினாள்.