இருக்கிற இடத்தில், இருக்கிறபடி

“கூலரை எங்க வீட்டு ஜன்னல்ல நீங்களே மாட்டிக் குடுத்துருங்க்கா. அதுக்குன்னு தனியாக் காசு கீசு கேக்காதீங்” என்றது போன் குரல்.

கோமளாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று நாளில் இது நாலாவது போன். பேசியவர் பெயர் பாலசுப்ரமணியம், கோயமுத்தூர்க்காரர், இங்கே தலைநகரில் மோதி பாக் பகுதியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாராம். வாய் நிறைய மரியாதை இருந்தது. கேட்பதெல்லாம்தான் ஓசியாக இருந்தது.

கணவர் கலியமூர்த்தி சென்னைக்கு மாற்றலாகி முன்னாலேயே போய்விட்டார். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸை ஒழித்து, வேண்டாத சாமான்களை விற்று, முப்பதாம் தேதி சாவியை ஒப்படைக்கிற பொறுப்பு கோமளாவின் தலையில் விழுந்திருந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் அகல்யா தெருவில் நின்று, கூலர் மாட்டிய மாடி ஜன்னலைப் படம் பிடித்து, சுவரில் எழுதிய வீட்டு நம்பரும் சேர்ந்து விழ, சென்னைக்கு மாற்றல் என்ற குறிப்போடு பழைய சாமான் விற்கிற இன்டர்நெட் பக்கம் ஒன்றில் போட்டிருந்தாள்.

கோமளாவுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. அதுதான் சிக்கலே. மடக்குக் கட்டிலை விலை பேச வந்தவர் அவள் காப்பியைப் புகழ்ந்தார். கட்டில் சும்மாவே போய்விட்டது. வாஷிங் மெஷின் வாங்கிய பஞ்சாபிப் பெண்மணி, அலமாரியில் இருந்த இஸ்திரிப் பெட்டியையும் உரிமையோடு கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

“இன்னிக்கு யாருக்கு என்ன தானம் பண்ணினே?” என்று கலியமூர்த்தி தினமும் சாயங்காலம் போனில் கேட்பார். பின்னாலேயே ஒரு சிரிப்பு வேறு. கட்டில் போனதுகூடக் கோமளாவுக்குப் பெரிதில்லை, அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கூலரையாவது கறாராக விற்றுக் காட்டாவிட்டால் என் பேர் கோமளா இல்லை என்று மகளிடம் சபதமே போட்டிருந்தாள்.

பாலசுப்ரமணியமும் லேசுப்பட்ட ஆளாகத் தெரியவில்லை. “மெட்ராஸ் புழுக்கத்துல கூலர் எதுக்குங்? சும்மாவே குடுத்துட்டுப் போலாமில்லீங்” என்பது முதல் போன். “தமிழ்க்காரங்களுக்குள்ள என்னங்க்கா, ஸ்டாண்டையாவது இனாமாக் குடுங்” என்பது இரண்டாவது. எப்போது வீடு காலி செய்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, கூலரில் தண்ணீர் ஊறும் புல் தட்டியையும் புதிதாகப் போட்டுத் தரச் சொன்னது மூன்றாவது. இப்போது ஜன்னலில் மாட்டியும் தர வேண்டுமாம்!

“அம்மா, நோ சொல்லு. அவ்ளோதான், நோ” என்று அகல்யா காதோரம் கிசுகிசுத்தாள்.

கோமளா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “இங்க பாருங்க சார். ஆயிரத்து ஐநூறு ரூபா, ஒரு பைசா குறையாது. கூலரை இருக்கிற இடத்துல, இருக்கிறபடி வாங்கிக்கணும். ஒரு ஸ்குரூகூட நான் கழட்டித் தர மாட்டேன். ஸ்டாண்டு சுவத்துல பதிச்சிருக்கு, வேணும்னா நீங்களே பேத்துக்குங்க. படியில இறக்குறது, வண்டி, கூலி எல்லாம் உங்க பாடு. சம்மதம்னா வாங்க, இல்லேன்னா போனை வைங்க.”

பாலசுப்ரமணியம் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

“இருக்கற எடத்துல, இருக்கறபடிங்களா?”

“ஆமா.”

“அப்பறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் ஏன் மாறப் போறேன்?”

“அப்பச் சரிங்க்கா. ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பணத்தோட வந்தர்றேனுங்.”

அன்று சாயங்காலம் கலியமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. “நீயா? நீயா அப்படிப் பேசினே?” என்று இரண்டு தடவை கேட்டார். கோமளாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ராத்திரி உப்புமாவில் ஒரு கை முந்திரி கூடுதலாகவே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து அடிக்க, கையில் அரைக் கிலோ மைசூர்பாகோடு பாலசுப்ரமணியம் வாசலில் நின்றார். ஒல்லியான, சிரித்த முகக்காரர். பேரம் பேசாமல் பதினைந்து நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணி மேஜைமேல் வைத்தார். கோமளா கொடுத்த காப்பியை ரசித்துக் குடித்தார்.

“காப்பி பிரமாதமுங்க்கா!”

“காப்பியைப் புகழ்ந்தா கூலர் விலை குறையாது சார்” என்றாள் கோமளா உஷாராக.

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். கூலரை லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். “தண்ணி எத்தன மணிக்குங்க்கா வரும்?” என்றார். அடுத்தபடியாக ஒரு குடம் தண்ணீரும் இனாமாகக் கேட்பார் போலிருக்கிறது என்று கோமளா நினைத்துக்கொண்டாள்.

பொறுத்துப் பார்த்து, ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தாள். வாசலில் ஸ்கூட்டர் மட்டும்தான் நின்றது.

“வண்டி எங்க சார்? இறக்குறதுக்கு ஆளுங்க எங்க? நான்தான் முன்கூட்டியே சொன்னேனே, எல்லாம் உங்க பாடுன்னு!”

பாலசுப்ரமணியம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஓர் அரசாங்கக் காகிதத்தை எடுத்துப் பணிவாக அவளிடம் நீட்டினார்.

“ஒண்ணாந் தேதியிலருந்து இந்த வீடு எங்களுக்குத்தானுங்க்கா!”