கோட்டில் விழுந்த பள்ளம்

மின்விசிறியை நிறுத்தியாயிற்று; ஓடினால் அதன் இரைச்சலும் மைக்கில் பதிந்துவிடும். கழுத்தில் வியர்வை இறங்குகிறது. நான் வடிவமைத்த முதல் ஸ்பீக்கர், சோதனை ஒலிக்கு அடித்தொண்டையில் உறுமத் தொடங்கி, கீச்சென்று உச்சிக்கு ஏறி அடங்கும்வரை முதலாளியும் நானும் மூச்சைப் பிடித்து நிற்கிறோம். மைக்கில் பதிந்த ஒலியின் அளவைக் காட்டித் திரையில் சீராக ஓடும் கோடு, பாட்டுப் போட்டால் பாடுகிறவரின் குரல் தெளிய வேண்டிய இடத்தில் மறுபடியும் பள்ளத்தில் விழுகிறது.

"என் காதுக்கு நல்லாத்தானே இருக்கு? கோட்டை மட்டும் கம்ப்யூட்டர்ல நேராக்கிடும்மா. விளம்பரத்துல போடணும்."

"கோட்டை நேராக்கினா குரல் நேராயிடுமா சார்? பொய்க் கோடு போட மாட்டேன்."

"நாலு எழுத்துப் படிச்சிட்டாலே இந்தத் திமிருதான்."

போகிற போக்கில் விசிறியைத் தட்டிவிட்டுப் போகிறார். காற்று சுகமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன். பிறகு ஸ்பீக்கரைத் திறந்து, உள்ளே ஒரு கம்பிச்சுருளை மாற்றிப் பூட்டி, எழுந்துபோய் விசிறியை நிறுத்துகிறேன்.